படத்தைச் சின்னதாக்கினால் கூர்மை போய்விடுகிறது: எம்.சி. ரோடு புடவைப் படங்களில் தொடங்கிய பேச்சு

மார்ச் 9, 2025 (தண்டையார்பேட்டை வாசகர் கேட்டது)

அண்ணா, சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு புடவைக் கடைக்குப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். 24 மெகாபிக்சல் கேமரா. கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் ஜரிகை இழை இழையாகத் தெரிகிறது. இன்ஸ்டாகிராமுக்காக 1080 அகலத்துக்குக் குறைத்ததும் எல்லாம் மழுங்கிவிடுகிறது. ஷார்ப்பன் நிறையவே போட்டுவிட்டுத்தான் குறைக்கிறேன். கடைக்காரர் லென்ஸை மாற்றச் சொல்கிறார். மாற்ற வேண்டுமா?

மார்ச் 9, இரவு

லென்ஸ் இருக்கட்டும் தம்பி, வேலை செய்யும் வரிசையை மாற்றுங்கள். முதலில் அளவைக் குறையுங்கள், ஷார்ப்பன் கடைசியில் வரட்டும்.

நிற்கவைத்து எடுத்த படம் 4000-க்கு 6000 பிக்சல். இன்ஸ்டாவுக்கு வெட்டினால் 4000-க்கு 5000. அது 1080-க்கு 1350 ஆகும்போது ஏறக்குறைய 14 பிக்சல்கள் கலந்து ஒரே பிக்சல் ஆகின்றன. ஷார்ப்பன் என்ன செய்கிறது? ஒவ்வொரு ஓரத்திலும் இருட்டான பக்கத்தை இன்னும் இருட்டாக்கி, வெளிச்சமான பக்கத்தை இன்னும் வெளிச்சமாக்குகிறது. அந்த வேலை நடப்பது ஓரத்தை ஒட்டிய ஒன்றிரண்டு பிக்சல் அகலத்தில். பெரிய படத்தில் நீங்கள் போட்ட அந்த மெல்லிய கோடு, 14-ஐ ஒன்றாகக் கலக்கும்போது கரைந்துபோகிறது. உழைப்பு வீண்.

1080-க்குக் குறைத்த பிறகு அன்ஷார்ப் மாஸ்க் போடுங்கள், ஷார்ப்பன் செய்யும் ஃபில்டர் அது. ரேடியஸ் (ஓரத்தில் எத்தனை பிக்சல் அகலம்) 0.3 முதல் 0.5 வரை, அமௌன்ட் (எவ்வளவு அழுத்தம்) 80-இல் தொடங்கிக் கூட்டலாம், குறைக்கலாம், த்ரெஷோல்ட் (எவ்வளவு வேறுபாடு இருந்தால் ஓரம் என்று எடுப்பது) 0 அல்லது 1. ரேடியஸ் 1-ஐத் தாண்ட வேண்டாம். சின்னப் படத்தில் 1 பிக்சலே அகலமான ஓரம்.

மார்ச் 10

ஒன்று விட்டுப்போனது. ஷார்ப்பன் போடும்போது திரையில் 100 சதவீதத்தில் பாருங்கள். 33, 66 என்று ஏதோ ஒரு அளவில் வைத்தால், மென்பொருள் திரைக்காக இன்னொரு தடவை படத்தைக் குறைத்துக் காட்டுகிறது. நீங்கள் பார்ப்பது அந்தக் குறைத்த படத்தின் கூர்மை, கோப்பின் கூர்மை இல்லை.

மார்ச் 12

குறைக்கும்போது ரீசாம்பிள் (பிக்சல்களைக் கலக்கும் முறை) பட்டியலில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஃபோட்டோஷாப்பில் 'ஆட்டோமேட்டிக்' என்று இருப்பது, குறைக்கும்போது பெரும்பாலும் பைக்யூபிக் ஷார்ப்பர் என்ற முறையை எடுத்துக்கொள்ளும். பெயரே சொல்வதுபோல அது குறைத்துக்கொண்டே கொஞ்சம் ஷார்ப்பனும் சேர்க்கிறது. அவசர வேலைக்கு அதுவே போதும். அதன் மேல் இன்னொரு ஷார்ப்பன் போடாதீர்கள்.

பட்டியலின் கடைசிப் பக்கம் நியரஸ்ட் நெய்பர் என்று ஒன்று இருக்கும். அது கலப்பதே இல்லை. பதினாலில் ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை எறிந்துவிடும். முதல் பார்வைக்குப் பளிச்சென்று தெரியும், சிலர் அதனாலேயே ஏமாந்துபோகிறார்கள். புடவைக் கட்டத்தில் வைத்துப் பாருங்கள், கோடு பாதியில் காணாமல்போய் அடுத்த இடத்தில் முளைத்திருக்கும். ஸ்க்ரீன்ஷாட், க்யூஆர் கோட், லோகோ மாதிரி கறாரான ஓரம் உள்ளவற்றுக்குத்தான் அது உதவும்.

மார்ச் 13

ஜரிகை விஷயத்துக்கு வருகிறேன், கேள்வியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

பெரிய படத்தில் ஜரிகைக் கோடு 2 பிக்சல், இடைவெளி 2 பிக்சல் என்று வையுங்கள். ஒரு கோடும் ஓர் இடைவெளியும் சேர்ந்தால் 4 பிக்சல். 4000-ஐ 1080 ஆக்குவதுபோல 3.7 மடங்கு குறைத்தால் அந்தச் சோடி 1 பிக்சலுக்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்கும். ஒரு பிக்சலுக்குள் கோட்டையும் இடைவெளியையும் எப்படிக் காட்டுவது? சோடிக்குக் குறைந்தது 2 பிக்சல் வேண்டும். இது ஃபோட்டோஷாப்பின் குறை இல்லை, எந்த மென்பொருளாலும் முடியாது. நல்ல முறையில் குறைத்தால் அந்த இடம் ஒரே சீரான பொன்னிறமாகும். மோசமாகக் குறைத்தால் அங்கே புடவையில் இல்லாத அலை அலையான பட்டைகள் தோன்றும். மோய்ரே என்பது அதுதான். அதன் மேல் ஷார்ப்பன் போட்டால் பொய்யான பட்டை இன்னும் அழுத்தமாகும்.

ஆகவே ஒவ்வொரு இழையும் 1080-இல் தெரிய வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். எது தெரிய வேண்டும்? பார்டரின் ஓரம், புட்டாவின் வடிவம், மடிப்பின் நிழல். இவை அழுத்தமாக இருந்தால் கண் மொத்தப் புடவையையும் கூர்மை என்று ஏற்றுக்கொள்ளும். இழையைக் காட்ட இரண்டாவது படம் போடுங்கள்: முந்தானையில் ஒரு கை அகலம் மட்டும், அசல் படத்திலிருந்து 1080-க்கு 1350 அப்படியே வெட்டி எடுத்தது. குறைக்கவே வேண்டாம். கடைக்குப் போகிறவர்களும் துணியைக் கையில் எடுத்துக் கிட்டே வைத்துத்தானே பார்க்கிறார்கள்.

மார்ச் 13, பிறகு

டியூப் லைட் வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 3200-இல் எடுக்கும் கடைப் படங்களுக்கு ஒரு சேர்க்கை. புள்ளி புள்ளியாக நாய்ஸ் தெரிகிறதே என்று பெரிய படத்தில் நாய்ஸ் ரிடக்‌ஷனை ஏற்றிவிடுகிறீர்கள். அது துணியின் நெசவையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது. 14 பிக்சல் கலந்து ஒன்றாகும்போது நாய்ஸ் தானாகவே ஏறக்குறைய நாலில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். முதலில் குறைத்துப் பாருங்கள். மீதம் இருந்தால் அப்போது தொடுங்கள்.

கை நடுக்கமும் அப்படித்தான். 3 பிக்சல் இழுத்த படம் 1080-இல் ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடும். அதே படத்தை ஆல்பத்துக்கு அனுப்பினால் தெரிந்துவிடும். எந்தப் படம் தேறும் என்று முடிவு செய்யும் முன், அது எந்த அளவில் போகப்போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்ச் 16

வியாசர்பாடியிலிருந்து ஒருவர் எழுதுகிறார்: "எங்கள் மாஸ்டர் பத்துப் பத்து சதவீதமாகக் குறைக்கச் சொல்லிக் கொடுத்தார், பெரிதாக்குவதும் அப்படியே."

மாஸ்டர் சொன்னதற்குப் பின்னால் காரணம் இருந்தது. பைலீனியர் என்ற ரீசாம்பிள் முறை பக்கத்தில் உள்ள 4 பிக்சல்களை மட்டும் பார்க்கிறது. ஒரே தாவலில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தால் நடுவில் உள்ள பிக்சல்களை அது பார்க்காமலே தாண்டிவிடும். அதனால் பாதி, அதில் பாதி என்று இறங்குவது அந்தக் கருவிக்குச் சரியான வழி. இப்போதைய ரீசைஸ் கருவிகள் குறைக்கும் அளவுக்கு ஏற்பத் தாங்களே அகலமாகப் பார்த்துக் கலக்கின்றன. பத்துப் பத்தாகப் போனால் ஒவ்வொரு படியிலும் எல்லாப் பிக்சலும் புதிதாகக் கணக்கிடப்படும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மென்மை சேரும். ஒரே தாவலில் போங்கள். மாஸ்டர் கற்றுக்கொடுத்ததில் கண்ணும் பொறுமையும் இருக்கிறதே, அதை விடாதீர்கள்.

மார்ச் 23

ஜிம்ப் என்ற படத் திருத்த மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு: 2025 மார்ச்சில் 3.0 வந்தது, இலவசம், கல்லூரிப் பிள்ளைகளுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஸ்கேல் இமேஜில் முன்பு லாங்சோஸ் என்று ஒன்று இருந்தது. 2.10-இலிருந்து அதன் இடத்தில் நோஹாலோ, லோஹாலோ வந்துவிட்டன. பாதிக்கும் கீழே குறைக்கும்போது நோஹாலோ. கொஞ்சமாகக் குறைக்கும்போதும் படத்தைத் திருப்பும்போதும் லோஹாலோ. அப்புறம் ஃபில்டர்ஸ், என்ஹான்ஸ் வழியாக அன்ஷார்ப் மாஸ்க். அதில் அமௌன்ட் சதவீதமாக இருக்காது, 0.5, 0.8 என்று வரும். நான் மேலே சொன்ன 80 என்பது அங்கே 0.8.

ஏப்ரல் 6

காசிமேட்டிலிருந்து வந்து எழுதுகிறேன். 15-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஏலத்தில் கூட்டம் நெரிந்தது. விடியலில் படகுகளின் கம்பங்களும் கயிறுகளும் வானத்தில் கறுப்பாக நின்றன. நல்ல படங்கள் கிடைத்தன.

அவற்றைக் குறைத்தபோது மார்ச் 12 குறிப்பு போதாது என்று தோன்றியது. பைக்யூபிக் ஷார்ப்பர் புடவைக்கு ஒத்துப்போகிறது. மென்மையான துணியில் ஓரம் அவ்வளவு கறாராக இல்லை. வெளிர் வானத்தில் கறுப்புக் கயிறு என்றால் கதை வேறு. ஒவ்வொரு கயிற்றின் இரு பக்கமும் ஒரு வெள்ளைக் கோடு வந்துவிடுகிறது. ஹாலோ. அந்தக் கோட்டைப் பார்த்ததும் படம் இயற்கையாக இல்லை என்று யாருக்கும் தெரிந்துவிடும், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும்.

இப்படிப்பட்ட படங்களுக்கு நான் செய்வது: வெறும் பைக்யூபிக்கில் குறைக்கிறேன். லேயரை (படத்தின் அடுக்கை) இரண்டு பிரதி எடுத்து இரண்டிலும் ஒரே அன்ஷார்ப் மாஸ்க். ஒரு பிரதியை டார்க்கன் (இருட்டாவது மட்டும் தெரியும்) என்று வைக்கிறேன், முழுதாக. இன்னொன்றை லைட்டன் (வெளிச்சமாவது மட்டும் தெரியும்) என்று வைத்து ஒபாசிட்டியை, அதாவது அடுக்கு தெரியும் அளவை, 30, 40 சதவீதத்துக்கு இறக்குகிறேன். இருட்டுப் பக்கத்து ஓரம் அழுத்தமாகவே இருக்கும், வெள்ளைக் கோடு மட்டும் அடங்கும். கண் இருட்டான ஓரத்தை மன்னிக்கிறது, வெள்ளை ஓரத்தை மன்னிப்பதில்லை. எண்ணூர் பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கி, மின்கோபுரம் எடுக்கிறவர்களுக்கும் இதுவே.

ஏப்ரல் 9

"குறைத்த பிறகு ஜரிகை மழுங்குவது மட்டுமில்லை, மினுக்கமும் குறைகிறது, ஏன்?" என்று முதல் கேள்வி கேட்ட தம்பியே மறுபடி வந்திருக்கிறார். கூர்ந்து பார்த்திருக்கிறார், உண்மைதான்.

படத்தில் உள்ள எண்கள் வெளிச்சத்தின் நேரான அளவு இல்லை. கண்ணுக்கு ஏற்ப வளைத்து எழுதிய எண்கள். கறுப்பு 0, வெள்ளை 255. இரண்டையும் சரிபாதி கலந்தால் பெரும்பாலான மென்பொருள் கூட்டி இரண்டால் வகுத்து 128 என்கிறது. ஆனால் உண்மையான வெளிச்சத்தில் பாதி என்பது எஸ்ஆர்ஜிபி (திரைப் படங்களுக்கான வழக்கமான நிற அளவுமுறை) கணக்கில் 188. அதாவது இருட்டான பட்டில் மினுக்கும் சின்னச் சின்னப் பொட்டுகளைக் கலக்கும்போது, வர வேண்டியதைவிட இருட்டான பிக்சல் வருகிறது. இரவு நேரத் துறைமுக விளக்குகளுக்கும் இதே கதிதான்.

உங்கள் மென்பொருள் எப்படி என்று பார்க்க வேண்டுமா? ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று சதுரங்கக் கட்டம் போட்டு, பாதியாகக் குறைத்து, வரும் சாம்பல் நிறத்தின் எண்ணைப் பாருங்கள். 188 பக்கம் இருந்தால் வெளிச்சக் கணக்கு. 128 என்றால் வளைத்த கணக்கு.

ஃபோட்டோஷாப்பில் வழி: படத்தை ஒரே லேயராக்கி, மோடில் 32 பிட்டுக்கு மாற்றுங்கள். அங்கே கணக்கு நேர்வெளிச்சத்தில் நடக்கும். குறைத்துவிட்டு 8 அல்லது 16-க்குத் திரும்பும்போது எச்டிஆர் டோனிங் என்று ஒரு பெட்டி வரும். அதில் 'எக்ஸ்போஷர் அண்ட் காமா' தேர்ந்தெடுத்து, எக்ஸ்போஷர் 0, காமா 1 என்றே விட்டு ஓகே. அரக்கு நிறப் பட்டில் வைத்துப் பாருங்கள், ஜரிகை எழுந்து நிற்கும்.

ஏப்ரல் 10

நேற்று எழுதியதைக் காசிமேட்டுப் படத்தில் போட்டுப் பார்த்தேன். அங்கே வேண்டாம். நேர்வெளிச்சத்தில் வெளிச்சம்தான் ஜெயிக்கும், ஆகவே வெளிர் வானத்தில் இருக்கும் மெல்லிய கறுப்புக் கயிறு இன்னும் மெலிந்துபோகிறது. இருட்டில் சின்ன வெளிச்சம் என்றால் 32 பிட், வெளிச்சத்தில் சின்ன இருட்டு என்றால் வழக்கமான முறை. கணக்குப்படி சரியானது எல்லாப் படத்துக்கும் அழகாக அமைவதில்லை. படத்தைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஏப்ரல் 20

பெரிதாக்குவது பற்றிக் கேட்காமலே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். மகன் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படத்தைக் கொண்டுவந்து, 4-க்கு 6 அடியில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வேண்டும், சாயங்காலத்துக்குள் என்றார். கல்யாண கும்பலில் இருந்து வெட்டிய முகம், 900 பிக்சல் அகலம்.

முதலில் கணக்கு. ஃபிளெக்ஸுக்கு இன்ச்சுக்கு 72 பிக்சல் என்றால் 3456-க்கு 5184. 300 வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது கையில் வைத்துப் பார்க்கும் பிரிண்டுக்கு. 3 மீட்டர் தள்ளி நின்றால் நல்ல கண்ணே இன்ச்சுக்கு 30 பிக்சலுக்கு மேல் பிரித்துப் பார்க்காது. ஆகவே 72 தாராளம். பெரிதாக்க ஃபோட்டோஷாப்பில் ப்ரிசர்வ் டீடெய்ல்ஸ் 2.0 இருக்கிறது, 2017 கடைசியில் வந்தது. நாய்ஸைக் கொஞ்சம் குறைத்து, ஒரே தாவலில் ஏற்றி, மேலே மெல்லிய க்ரெயின் (ஃபிலிம் படத்தில் தெரிவதுபோன்ற நுண்புள்ளிகள்) தூவினேன். க்ரெயின் இருந்தால் கன்னம் மெழுகு மாதிரி தெரியாது.

அதற்கு முன்னால் மகன் தன் மொபைலில் ஏதோ ஏஐ செயலியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். பார்க்க மிகக் கூர்மை. புருவம் முடி முடியாக, பல் வரிசையாக. வீட்டம்மா அதைப் பார்த்துவிட்டு "இது அவர் கண் இல்ல" என்றார். இல்லாத விவரத்தை அந்தச் செயலி வேறு முகங்களிலிருந்து கற்றுக்கொண்டதை வைத்து நிரப்புகிறது. கடற்கரைக்கும் கட்டடத்துக்கும் அது பரவாயில்லை. தெரிந்தவர்கள் நின்று கும்பிடப்போகும் முகத்தில் கூர்மையைவிட அவர் அவராக இருப்பதுதான் பெரிது. கொஞ்சம் மென்மையான அசல் முகத்தையே அச்சடித்தோம்.

முடிந்தால் வீட்டில் உள்ள காகிதப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். பென்ஷன் புத்தகம் மாதிரி எங்காவது பாஸ்போர்ட் அளவுப் படம் இருக்கும். 3.5-க்கு 4.5 சென்டிமீட்டர் படத்தை 600-இல் ஸ்கேன் செய்தாலே 827-க்கு 1063 பிக்சல் கிடைக்கும், அதுவும் நசுங்காத பிக்சல். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் 'டாக்குமென்ட்' என்று அனுப்பச் சொல்லுங்கள், கோப்பு அப்படியே வரும்.

மே 4

"சிவப்புப் புடவை மட்டும் ஏன் எப்போதும் குழைகிறது?"

படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் (JPEG) கோப்பு முறைதான் காரணம். அது வெளிச்சத்தையும் நிறத்தையும் பிரித்து வைக்கிறது. நிறத்தைப் பாதி அகலம், பாதி உயரத்தில் சேமிக்கும் முறையில் 4 பிக்சலுக்கு ஒரே நிறம்தான். சிவப்பில் வெளிச்ச வேறுபாடு குறைவு, விவரம் பெரும்பாலும் நிறத்தில்தான் இருக்கிறது. அதனால் சிவப்பு உடலில் பச்சை பார்டர் போட்ட புடவையின் ஓரம் ஒன்றோடொன்று வழிகிறது. கறுப்பில் சிவப்பு எழுத்து போட்ட கடைப் பலகைகளிலும் இதைப் பார்க்கலாம். ஃபோட்டோஷாப்பில் சேவ் அஸ் வழியாக ஜேபெக் சேமிக்கும்போது தரம் 7-க்குக் கீழே போனால் நிறம் இப்படிப் பாதியாகும். 10-இல் வையுங்கள். ஜிம்ப் எக்ஸ்போர்ட்டில் சப்சாம்பிளிங் என்ற இடத்தில் 4:4:4 (நிறத்தைக் குறைக்காமல் சேமிப்பது) தேர்ந்தெடுங்கள். அப்லோட் செய்யும் இடத்தில் மறுபடி அமுக்குவார்கள், அது நம் கையில் இல்லை. ஆனால் அவர்களுக்குப் பிடித்த அகலத்திலேயே கொடுத்தால் ஒரு தடவை அளவு மாற்றுவதாவது மிச்சம்.

குறைத்த ஜேபெக்கைத் திறந்து மறுபடி குறைப்பதும் கூடாது. ஒவ்வொரு அளவுக்கும் அசலிலிருந்தே தொடங்குங்கள்.

மே 11

ஆல்பம் போடுகிறவர்கள் பெரம்பூரிலிருந்து கேட்கிறார்கள், 12-க்கு 36 ஷீட்டில் படம் வைத்து இழுத்து இழுத்து அளவு பார்த்தால் மங்கிவிடுகிறதாம். ஆகும். சாதாரண லேயரைச் சின்னதாக்கி என்டர் அடித்த நொடியில் பிக்சல்கள் போய்விட்டன. பிறகு பெரிதாக்கினால் மீதியைத்தான் நீட்டுகிறது. வைக்கும் முன்பே ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றிவிடுங்கள், எத்தனை தடவை இழுத்தாலும் அசலிலிருந்து கணக்கிடும். கோப்பு கனமாகும், பரவாயில்லை.

பிரிண்டுக்கு ஷார்ப்பன் திரையில் கொஞ்சம் அதிகம் என்று தோன்றும் அளவுக்குப் போட வேண்டும், ரேடியஸ் 1 முதல் 1.5 வரை. மை காகிதத்தில் பரவும், மேட் தாளில் இன்னும் அதிகம். நான் அனுப்பும் பிரிண்ட் லேபில் அவர்கள் பங்குக்கும் ஒரு ஷார்ப்பன் போட்டு மணப்பெண்ணின் கன்னத்தில் மேக்கப் துகள் எல்லாம் எழும்பி வந்தது. இப்போது ஆர்டரிலேயே 'கரெக்‌ஷன் வேண்டாம்' என்று எழுதிவிடுகிறேன். நீங்களும் ஒரு ஷீட் சோதனைக்கு அடித்துப் பார்த்துவிட்டு மீதியை அனுப்புங்கள்.

ஜூன் 1

தண்டையார்பேட்டைத் தம்பி படங்களைக் காட்டினார். பார்டர் பளிச்சென்று நிற்கிறது, ஹாலோ இல்லை, முந்தானையின் கிட்டப் படம் தனியாக. லென்ஸ் பழையதுதான். மனசுக்கு நிறைவாக இருந்தது.

தினம் நிறையப் படம் வருகிறது, ஒவ்வொன்றாகச் செய்ய நேரமில்லை என்கிறார். ஆக்‌ஷன் (செய்த வேலை வரிசையை ஃபோட்டோஷாப் நினைவில் வைத்து அடுத்த படங்களுக்கும் செய்வது) பதிவு செய்யுங்கள்: வெட்டுவது, குறைப்பது, எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுவது, அன்ஷார்ப் மாஸ்க், சேமிப்பது. வெட்டும் படியை விட்டுவிட்டால் நிற்கும் படமும் படுக்கும் படமும் கலந்து வரும், கவனம். ஆக்‌ஷன் பட்டியலில் அன்ஷார்ப் மாஸ்க் வரிக்கு இடப்பக்கம் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதைச் சொடுக்கி வைத்தால் அந்த இடத்தில் மட்டும் நின்று உங்களைக் கேட்கும். மற்றதெல்லாம் தானாக ஓடட்டும். பருத்திக்கு 90, பட்டுக்கு 60 என்று அந்த ஒரு எண்ணை மட்டும் கண்ணால் பார்த்து நீங்களே போடுங்கள்.